‘ஆல் இன் தி ஃபேமிலி’யை விமர்சகர்கள் உண்மையிலேயே கிழித்தார்களா?

கேள்வி இது: “புதிதாக வரும் குடும்ப காமெடித் தொடர்களுக்கு முதல் வாரத்தில் வரும் விமர்சனங்களை நம்பலாமா? 1971இல் அமெரிக்காவில் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ வந்தபோது விமர்சகர்கள் எல்லாரும் கிழித்துத் தொங்கவிட்டார்கள், மக்களோ தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று படித்தேன். அப்படியானால் விமர்சகர்களால் என்ன பயன்?”

உங்கள் கேள்விக்குள் இருக்கும் கதையை முதலில் சரிசெய்துவிடுகிறேன். அது பாதிக்கு மேல் தலைகீழாக இருக்கிறது. விமர்சகர்கள் எல்லாரும் திட்டவில்லை. மக்கள் உடனே கொண்டாடவும் இல்லை. கொஞ்ச காலம் அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான் உண்மை. விமர்சகர்களும் மக்களும் எதிரெதிராக நின்றார்கள் என்று சொன்னால் கேட்கச் சுவையாக இருப்பதால் இந்தக் கதை ஊர் ஊராகப் போய்விட்டது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஒரு சாதாரண வீடு. ஆர்ச்சி பங்கர் சரக்கேற்றும் இடத்தில் மேற்பார்வையாளர். கறுப்பர், யூதர், போர்ட்டோ ரிக்கோக்காரர் என்று எவரைப் பற்றியும் நல்ல வார்த்தை வராத வாய். மனைவி ஈடித் வெள்ளை மனசுக்காரி. மகள் குளோரியா. வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்துகொண்டு படிக்கும் மைக், போலந்து வம்சாவளி இடதுசாரி இளைஞன். மாமனார் தன் நாற்காலியில் இருந்து ஒன்று சொல்ல, மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் இருந்து பத்து சொல்லுவான். தொடர் முழுக்க இந்தச் சண்டைதான். பிரிட்டனில் பிபிசிக்காக ஜானி ஸ்பைட் எழுதிய ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ என்ற தொடரைத் தயாரிப்பாளர் நார்மன் லியர் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். மனைவியைப் பார்த்து ‘வாயை மூடு’ என்கிற ஆர்ச்சியின் வசனத்தை லியர் தன் அப்பாவிடமிருந்தே எடுத்தார்.

ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் 1968இல் ஒன்று, 1969இல் ஒன்று என்று இரண்டு முன்னோட்ட எபிசோடுகளை எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு இரண்டையும் வேண்டாம் என்றது. இதில் கவனிக்க வேண்டியது, பின்னால் ஒளிபரப்பான மூன்றாவது வடிவத்திலும் எழுத்து கிட்டத்தட்ட அதேதான். ஆர்ச்சியாக கரோல் ஓ’கானரும் ஈடித்தாக ஜீன் ஸ்டேப்பிள்டனும் மூன்று முறையும் இருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவதாக ராப் ரைனரும் சாலி ஸ்ட்ரதர்ஸும் வந்த பிறகுதான் வீடு வீடாகத் தெரிந்தது. இதற்குள், தொடரை எடுத்துக்கொண்ட இன்னொரு தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ்ஸில் ராபர்ட் வுட் தலைவராகியிருந்தார். கிராமத்துக் கோமாளித் தொடர்களையே நம்பிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்துக்கு நகரத்து இளைஞர்கள் வேண்டும் என்று அவர் முடிவுசெய்திருந்தார்.

1971 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி. தொடருக்கு முன்னால் திரையில் ஓர் அறிவிப்பு: நம் பலவீனங்கள், தப்பெண்ணங்கள், கவலைகள் ஆகியவற்றின் மேல் நகைச்சுவையான வெளிச்சம் போடுவதே நோக்கம், சிரிக்க வைப்பதன் மூலம் அவை எவ்வளவு அபத்தம் என்று முதிர்ச்சியோடு காட்ட விரும்புகிறோம் என்ற பொருளில். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை போடுவதுபோல ஒரு காமெடிக்கு எச்சரிக்கை! கொந்தளித்துப் பேசப்போகும் மக்களுக்காகத் தொலைபேசியில் கூடுதல் ஆட்களையும் சிபிஎஸ் உட்காரவைத்திருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு அழைப்பே வரவில்லை. வந்தவற்றிலும் பாராட்டு நிறைய இருந்தது.

முதல் எபிசோடின் கதை ஒன்றும் பெரிதில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஆர்ச்சிக்கும் ஈடித்துக்கும் திருமண நாள். பெரியவர்கள் தேவாலயம் போயிருக்கிறார்கள், வீடு காலி. மைக்கும் குளோரியாவும் மாடிக்குப் போகக் கிளம்புகிறார்கள். பாதிரியாரின் பிரசங்கம் பிடிக்காமல் ஆர்ச்சி பாதியிலேயே திரும்பிவந்து கதவைத் திறக்கிறார். “ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கா!” என்கிறார். அவ்வளவுதான் வசனம். சிபிஎஸ்ஸின் தணிக்கைப் பிரிவு இந்த ஒரு வரியை வெட்டச் சொல்லிக் கடைசி நிமிடம்வரை மல்லுக்கட்டியது. வரி போனால் நானும் போகிறேன் என்று லியர் பிடிவாதமாக நின்றார். அரைமணி நேரம் முழுக்க இன வசவுகள் நிரம்பிய ஒரு தொடரில் அவர்களுக்கு உறுத்தியது கல்யாணமான ஜோடி பகலில் மாடிக்குப் போவது! விமர்சகர்களைப் பற்றிப் பேசும் முன் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு தொடரில் எது பிரச்சினை என்று தயாரித்தவர்களுக்கே முதல் நாள் தெரிந்திருக்கவில்லை.

சரி, விமர்சனங்கள். ‘வெரைட்டி’ பத்திரிகை, ‘தி ஹனிமூனர்ஸ்’ தொடருக்குப் பிறகு வந்த மிகச் சிறந்த தொலைக்காட்சி நகைச்சுவை இதுதான் என்று எழுதியது. ‘ஹனிமூனர்ஸ்’ ஐம்பதுகளின் தொடர். அதோடு ஒப்பிட்டது சாதாரணப் பாராட்டு இல்லை. ‘நியூயார்க் டைம்ஸ்’ எதிர்ப்பக்கம். ஒளிபரப்பான அன்றே வந்த அதன் கட்டுரை, இனவெறியும் காழ்ப்பும் சிரிப்பதற்கானவையா என்று தலைப்பிலேயே கேட்டது. எழுதியவர் பிரெட் ஃபெரெட்டி. வசவுகள் அதிர்ச்சிக்காகவே வைக்கப்பட்டிருக்கின்றன, சிரிப்பு வரவில்லை என்பது அவர் கட்சி. ‘லைஃப்’ இதழில் சைக்ளாப்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய ஜான் லெனர்ட்தான் மிகக் கடுமையாகப் போனார். இவ்வளவு கேவலமான நிகழ்ச்சிக்கு விமர்சனம் எதற்கு என்று தானே கேட்டுக்கொண்டு, வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதில்லையா, அதுபோலத்தான் என்று பதிலும் சொன்னார். நீங்கள் படித்த ‘கிழித்துத் தொங்கவிட்டார்கள்’ என்பதற்கு மூலம் அநேகமாக இந்த வரிதான். மேற்கோள் காட்ட நன்றாக இருக்கும் வசவு எப்போதும் பாராட்டைவிட அதிக நாள் உயிரோடு இருக்கும்.

விமர்சகர்கள் வட்டத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு குரல் வந்தது. கறுப்பர் உரிமைகளுக்கான நேஷனல் அர்பன் லீக்கின் தலைவர் விட்னி யங், நாடே இனத்தால் பிளந்து கிடக்கும்போது இப்படி ஒன்றை ஒளிபரப்புவது பொறுப்பற்ற செயல் என்றார். அவர் அந்த மார்ச் மாதமே காலமாகிவிட்டார். இதைத் தொடரின் தரம் பற்றிய விமர்சனமாகப் படித்தால் தவறாகப் படிக்கிறோம். சிரிப்பு யாருடைய செலவில் என்பது அவர் கேள்வி.

மக்கள் ஏன் வரவில்லை? ஒரு காரணம் அன்றைய தொலைக்காட்சியின் நடைமுறை. சினிமா விமர்சனம் வெள்ளிக்கிழமை வந்தால் ஞாயிறு தியேட்டருக்குப் போகலாம். 1971இல் ஒளிபரப்பான எபிசோட் காற்றோடு போய்விட்டது. வீட்டில் பதிவுசெய்து பார்க்கும் வசதி பரவலாக வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. விமர்சனத்தைப் படித்துவிட்டு அந்த எபிசோடைப் பார்க்க ஆசைப்பட்டாலும் வழி கிடையாது. அடுத்த வாரத்தை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இன்னொரு காரணம் நேர வரிசை. இதற்கு முந்தைய நிகழ்ச்சி ‘ஹீ ஹா’ என்ற கிராமியப் பாட்டும் கோமாளித்தனமும் கலந்த கலவை. அதைப் பார்த்தவர்கள் அப்படியே உட்கார்ந்து ஆர்ச்சி பங்கரை ரசிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். பதின்மூன்று எபிசோடுகள் கொண்ட முதல் சீசன் முடிந்தபோது தொடர் 34ஆவது இடத்தில் இருந்தது.

திருப்பம் வந்தது மே மாதம். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது விழாவே பங்கர் குடும்பம் தொலைக்காட்சி பார்க்கும் ஒரு குட்டி நாடகத்தோடு தொடங்கியது. சிறந்த நகைச்சுவைத் தொடர், சிறந்த புதிய தொடர், சிறந்த நடிகை என்று விருதுகள் வந்தன. பிறகு கோடைகால மறுஒளிபரப்பு. மற்ற நிறுவனங்களும் பழையதையே திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும் அந்த மாதங்களில், விமர்சனங்களையும் விருதுச் செய்தியையும் படித்திருந்தவர்களுக்கு முதல் முறையாக அந்த எபிசோடுகளைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. திட்டிய விமர்சனமும் இங்கே உதவியது என்றே நினைக்கிறேன். செப்டம்பரில் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மாற்றினார்கள். 1971-72 சீசனில் முதலிடம்; தொலைக்காட்சி உள்ள வீடுகளில் 34 சதவீதம். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்த இடத்தை யாருக்கும் விடவில்லை. ஆக, மக்கள் கொண்டாடியது உண்மை, ஆனால் விமர்சகர்களும் விருதுக் குழுவும் முன்னே போய் வழி போட்ட பிறகு.

இந்த விவகாரத்திலேயே சிறந்த விமர்சனம் என்று நான் நினைப்பது முதல் வாரத்தில் வரவில்லை. எட்டு மாதம் கழித்து, தொடர் வெற்றியின் உச்சிக்கு ஏறும்போது, 1971 செப்டம்பர் 12 அன்று ‘நியூயார்க் டைம்ஸி’ல் லாரா ஹாப்சன் எழுதினார். யூத வெறுப்பைப் பற்றி 1947இல் ‘ஜென்டில்மேன்ஸ் அக்ரிமென்ட்’ நாவலை எழுதிப் புகழ்பெற்றவர். அவர் செய்த காரியம் எளிமையானது. ஆர்ச்சி வாயிலிருந்து என்னென்ன வசவு வருகிறது என்று உட்கார்ந்து கேட்டார். யூதர்களையும் கறுப்பர்களையும் குறிக்க மட்டமான சொற்கள் பல இருக்க, ஆர்ச்சி பயன்படுத்துவதெல்லாம் அவற்றில் காரம் குறைந்தவை. நிஜத்தில் ஆர்ச்சி போன்ற ஒருவர் சமையலறையில் சொல்லும் சொல் எதுவும் இந்த வீட்டில் ஒலிக்கவில்லை. ஏன்? அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ஆக, இந்தத் தொடர் இனவெறியை அம்பலப்படுத்தவில்லை, அதைக் குளிப்பாட்டி, வாசனை போக்கி, வரவேற்பறையில் உட்காரவைக்கிறது என்றார். வெறியனாகவும் இருந்துகொண்டு அன்புக்குரியவனாகவும் ஒருவன் இருக்க முடியாது என்பது அவர் முடிவு.

ஒரு மாதத்துக்குள் லியர் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். தப்பெண்ணம் கொண்டவர்கள் எல்லாரும் கொடூரர்கள் இல்லை. நல்ல அப்பாக்களும் மாமாக்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். கொடூரனாகக் காட்டியிருந்தால் பார்ப்பவர் ‘இது நானில்லை’ என்று தப்பித்திருப்பார் என்பது அவர் வாதத்தின் சாரம். இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரு சிட்காமைப் (நகைச்சுவைத் தொடரை) பற்றி இவ்வளவு ஆழமாக எழுத முடியுமா என்று ஆச்சரியம் வரும். என்னைக் கேட்டால் மனித மனத்தைப் பற்றி லியர் சொன்னது சரி, தொலைக்காட்சியைப் பற்றி ஹாப்சன் சொன்னது சரி.

அப்புறம் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். நீல் விட்மர், மில்டன் ரோகீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் மத்திய மேற்கில் பதின்வயதினரிடமும் கனடாவில் பெரியவர்களிடமும் கேட்டு 1974இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடர் வேடிக்கையாக இருக்கிறது என்பதில் இனத் தப்பெண்ணம் அதிகம் உள்ளவர்களும் குறைவானவர்களும் ஒத்துப்போனார்கள். ஆனால் தப்பெண்ணம் அதிகம் உள்ளவர்களுக்கு ஆர்ச்சிதான் பிடித்தவர், வாதத்தில் ஜெயிப்பவரும் அவரே. மைக் அவரை மடக்கியதாக நாம் நினைக்கும் இடத்தில், மாப்பிள்ளை உளறுவதாக அவர்கள் நினைத்தார்கள். ஒரே காட்சி, ஒரே சிரிப்பொலி. அந்தச் சிரிப்பும் ஒட்டவைத்தது இல்லை. அரங்கில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்களுடையது. அதில் யார் எதற்குச் சிரித்தார்கள் என்று ஒலிநாடாவை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவே முடியாது.

இந்த ஆய்வுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே வெள்ளை மாளிகையில் ஒருவர் அதை நிரூபித்துக் காட்டியிருந்தார். பின்னாளில் வெளியான ஒலிநாடாக்களில், 1971 மே மாதம் அதிபர் நிக்சன் தன் உதவியாளர்களிடம் இந்தத் தொடரைப் பற்றிப் புலம்புவதைக் கேட்கலாம். அவர் பார்த்தது, ஆர்ச்சியின் நண்பரான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் தான் ஓரினச்சேர்க்கையாளர் என்று சொல்லும் எபிசோட். ஆர்ச்சி என்கிற நல்ல மனிதனை முட்டாளாகக் காட்டுகிறார்கள், ஓரினச்சேர்க்கையை உயர்த்திப் பிடிக்கிறார்கள் என்பது அதிபரின் விமர்சனம். லியர் எய்த அம்பு இலக்கில் படவில்லை என்று ஹாப்சன் கட்சிக்காரர்கள் இதைக் காட்டலாம். நேராகப் போய்த் தைத்தது என்று லியர் கட்சிக்காரர்களும் இதையே காட்டலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி, முதல் வார விமர்சனத்தை நம்பலாமா என்பது. தொடர் ஓடுமா ஓடாதா என்பதற்கு அதைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 1987இல் ‘ஃபுல் ஹவுஸ்’ வந்தபோது சர்க்கரைப் பாகு என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். எட்டு சீசன் ஓடியது. 2003இல் வந்த ‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’டை விமர்சகர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள், அடுத்த ஆண்டே எம்மியும் கிடைத்தது, பார்க்க ஆளில்லாமல் 2006இல் நிறுத்திவிட்டார்கள். இதனால் முந்தையது நல்ல தொடர், பிந்தையது மோசமான தொடர் என்று ஆகிவிடுமா? டிஆர்பி எண்ணை எடுத்து விமர்சகரின் தலையில் அடிப்பது நம் ஊரிலும் நடக்கும் வேலைதான், அதில் அர்த்தமில்லை.

விமர்சகர்களும் மக்களும் ஒரே நாளில் ஒத்துப்போன ‘மாடர்ன் ஃபேமிலி’யிலும் (2009) ஒரு விஷயம் கவனியுங்கள். முதல் எபிசோடுக்கே புகழ்மாலை, அடுத்த ஆண்டிலிருந்து சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி தொடர்ந்து ஐந்து முறை. ஆனால் ஒரு முழு சீசன் ஓடிய பிறகு பார்வையாளர்கள் ஒன்றைப் பிடித்தார்கள். மற்ற இரண்டு ஜோடிகளும் சாதாரணமாக முத்தமிட்டுக்கொள்ள, மிட்செல்-கேமரன் என்ற ஓரினச்சேர்க்கை ஜோடி மட்டும் ஒரு முறைகூட முத்தமிடவில்லையே என்று ஃபேஸ்புக்கில் பிரசாரமே நடத்தினார்கள். 2010 செப்டம்பரில் அதையே கருவாக வைத்து ஓர் எபிசோட் வந்தது. பெரியவர்களில் இரண்டு மனைவிகளும் வீட்டோடு இருக்கிறார்கள், ஆண்கள் சம்பாதிக்கிறார்கள், இதில் ‘மாடர்ன்’ எங்கே என்ற கேள்வியும் போகப்போகத்தான் வலுத்தது. ஓர் எபிசோடைப் பார்த்து இதையெல்லாம் சொல்லிவிட முடியாது. ‘ஒருபோதும் நடக்காதது’ கண்ணில் படுவதற்கு இருபது எபிசோடாவது வேண்டும்.

குடும்ப சிட்காமுக்கு இந்தச் சிக்கல் மற்ற வகைகளைவிட அதிகம். முதல் எபிசோட் ஆறு பேரை அறிமுகப்படுத்தியாக வேண்டும், யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லியாக வேண்டும், இடையில் சிரிக்கவும் வைக்க வேண்டும், எல்லாம் இருபத்து சொச்சம் நிமிடத்தில். ஈடித் சமையலறையிலிருந்து ஓடிவரும் அந்தப் பதற்றமான நடை முதல் முறை வெறும் நடை. ஐம்பதாவது முறை, அவள் வரும் வேகத்திலேயே என்ன ஆகப்போகிறது என்று தெரிந்து சிரிப்போம். அந்தச் சிரிப்பு விமர்சகருக்கு முதல் வாரத்தில் கிடைக்காது. இப்போது முழு சீசனையும் முன்கூட்டியே அனுப்பிவைக்கிறார்கள், அது கொஞ்சம் உதவும். ஆனால் ஒரே மூச்சில் பத்து எபிசோட் பார்ப்பவருக்குப் பழக்கத்தைவிடச் சலிப்புதான் முதலில் வரும்.

அதனால் நான் படிக்கும் முறை இப்படி: நட்சத்திரங்களையும் சதவீதங்களையும் தாண்டிப் போய்விடுவேன். விமர்சகர் எந்தக் காட்சியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார், அங்கே யாருடைய செலவில் சிரிப்பு என்கிறார் என்பதை மட்டும் தேடுவேன். ‘மனதைத் தொடும் குடும்பக் கதை’ என்று முடியும் விமர்சனத்தால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஃபெரெட்டியோடு நான் ஒத்துப்போகவில்லை, ஆனால் அவர் கட்டுரையைப் படித்தால் தொடரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

‘ஆல் இன் தி ஃபேமிலி’யை நீங்களே பார்த்து முடிவுசெய்ய நினைத்தால் முதல் எபிசோடில் ஆரம்பிக்காதீர்கள். 1972 பிப்ரவரியில் வந்த, பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் ஆர்ச்சி வீட்டுக்கு வரும் எபிசோடைப் பாருங்கள். கறுப்பர், யூத மதத்துக்கு மாறியவர், பெரும் புகழ் பெற்றவர். ஆர்ச்சிக்கு எதை வெறுப்பது, எதை வணங்குவது என்று தெரியாமல் திணறுகிறார். நிறமாவது உங்கள் கையில் இல்லை, யூதராக ஏன் மாறினீர்கள் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்கிறார். கடைசியில் புகைப்படம் எடுக்கும் நொடியில் சாமி டேவிஸ் சட்டென்று ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார். அரங்கு நெடுநேரம் சிரிக்கிறது. பார்த்துவிட்டு ஹாப்சன், லியர் இருவரின் கட்டுரைகளையும் தேடிப் படித்து, நீங்கள் எந்தக் கட்சி என்று எழுதுங்கள். நிக்சன் கட்சி என்றாலும் பரவாயில்லை, காரணத்தைச் சொன்னால் போதும்.